நீண்ட நாள் சைனஸ் தொல்லையா? முகத்தில் வெட்டுக்காயம் இல்லாத சிகிச்சைகளை அறிந்துகொள்வோம்

பிரிக்பீல்ட்ஸில் பூமாலை தொடுத்து விற்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு வருடமாக அவருக்கு மூக்கடைப்பு. தொண்டையில் சளி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கையில் மல்லிகை இருந்தும் மணம் தெரிவதில்லை. தைலம் தடவுகிறார், ஆவி பிடிக்கிறார், மருந்தகத்தில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார். “அறுவைச் சிகிச்சை என்று சொல்லிவிடுவார்கள்” என்ற பயத்தில் மருத்துவரிடம் போகவில்லை.

இது ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள பலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படாது. தேவைப்படுவோருக்கும் இன்று முகத்தை வெட்டாமல், மூக்குத் துவாரத்தின் வழியாகவே அது செய்யப்படுகிறது.

சைனஸ் என்றால் என்ன?

சைனஸ் என்பது நோயின் பெயர் அன்று. நம் முகத்தின் எலும்புகளுக்குள் இருக்கும் காற்று அறைகளே சைனஸ். கன்னங்களில், நெற்றியில், இரு கண்களுக்கும் இடையில், மூக்கின் பின்புறம் ஆழத்தில் என நான்கு இடங்களில் இவை இணையாக அமைந்துள்ளன.

இந்த அறைகளின் உட்சுவரில் மெல்லிய சளி சுரக்கிறது. தூசியையும் கிருமிகளையும் பிடித்து வெளியேற்றுவது அதன் வேலை. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அந்தச் சளியை அறையின் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து அது மூக்கிற்குள் இறங்கி, நாம் உணராமலேயே தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்விடும்.

கன்னத்து அறையின் வாசல் தரையில் இல்லை. அது கூரைக்கு அருகில், சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. சளி மேல்நோக்கி ஏறித்தான் வெளியே வரவேண்டும். வாசலைச் சுற்றியுள்ள சவ்வு சற்று வீங்கினாலே பாதை அடைபட்டுவிடும். உள்ளே சளி தேங்கும், காற்றோட்டம் நிற்கும், வீக்கம் மேலும் கூடும். “தலையில் நீர் கோத்துக்கொண்டது” என்று நாமும், “ரெஸ்டுங்” என்று மலாய் அண்டை வீட்டாரும் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

சாதாரணச் சளியா, நாள்பட்ட சைனஸ் அழற்சியா?

சாதாரணச் சளி வைரஸ் கிருமியால் வருகிறது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே குறைந்துவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் மருந்து தேவையில்லை.

பெரியவர்களுக்குக் கீழ்க்காணும் அறிகுறிகளில் இரண்டோ அதற்கு மேலோ 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சியாக இருக்கலாம். அவற்றுள் ஒன்று முதல் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்.

• மூக்கடைப்பு
• மூக்கிலிருந்து அல்லது தொண்டைக்குள் கெட்டியான சளி இறங்குதல்
• முகத்தில் வலி, பாரம் அல்லது அழுத்தம்
• வாசனை குறைதல் அல்லது அறவே தெரியாமல் போதல்

வாசனை தெரியாமல் போவதைச் சிறு விஷயமாக எண்ண வேண்டாம். கெட்டுப்போன உணவும், அடுப்பிலிருந்து கசியும் கேஸும் நமக்கு முதலில் மூக்கின் வழியாகத்தான் தெரிய வருகின்றன.

தலைவலி மட்டும் இருந்து, மூக்கடைப்போ சளியோ இல்லையென்றால், அது ஒற்றைத் தலைவலியாகவோ வேறு காரணத்தால் வந்ததாகவோ இருக்கலாம். எல்லாத் தலைவலிக்கும் சைனஸ் மீது பழி போட வேண்டாம்.

ஏன் வருகிறது?

நாள்பட்ட சைனஸ் அழற்சி வெறும் கிருமித் தொற்று அன்று. சவ்வு நீண்ட நாள் வீங்கியிருப்பதே இதன் அடிப்படை. அதனால்தான் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மீண்டும் மீண்டும் சாப்பிட்டும் பலருக்குக் குணம் தெரிவதில்லை.

• ஒவ்வாமை: நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் தூசிப் பூச்சிகள் மெத்தையிலும் தலையணையிலும் பெருக ஏற்றவை. படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.
• புகை: சிகரெட் புகை, கொசுவத்திப் புகை, மூடிய அறையில் சாம்பிராணி, ஊதுவத்திப் புகை ஆகியவை சவ்வை உறுத்தும். பூசை வேளையில் சன்னலைத் திறந்து வையுங்கள்.
• புகைமூட்டம்: 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசர நிலை அறிவிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். குறியீடு 100-ஐத் தாண்டும் நாட்களில் வெளி வேலைகளைக் குறைத்து, முகக்கவசம் அணியுங்கள்.
• வேலையிடம்: சிமெண்டுத் தூசி, மரத்தூள், பெயிண்ட் புகை ஆகியவற்றிடையே வேலை செய்பவர்கள் பாதுகாப்புக் கவசம் அணிவது அவசியம்.
• பல்: மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்து சைனஸின் அடித்தளத்தை ஒட்டியே இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வந்தால் பல்லையும் காட்டுங்கள். பல்லைச் சரிசெய்யாமல் சைனஸ் குணமாகாது.
• மூக்குச் சதை (பாலிப்): திராட்சை போன்று மென்மையாக வளரும் இது புற்றுநோய் அன்று. ஆஸ்துமா உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும். இவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளால் மூச்சுத்திணறல் ஏற்படலாம். இதை மருத்துவரிடம் அவசியம் கூறுங்கள்.

எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவதோ, தயிர், வாழைப்பழம் சாப்பிடுவதோ நாள்பட்ட சைனஸ் அழற்சியை உண்டாக்குவதில்லை.

முதல் சிகிச்சை: உப்பு நீரும் தெளிப்பு மருந்தும்

சுகாதார அமைச்சு 2016-இல் சைனஸ் அழற்சிக்கென மருத்துவ வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும், மூக்கினுள் அடிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பு மருந்தும் சிகிச்சையின் அடிப்படை. பின்னர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும் இவ்விரண்டும் தொடரும்.

உப்பு நீரால் கழுவும் முறை

1. தண்ணீர் நன்கு கொதிக்கத் தொடங்கிய பின் குறைந்தது 1 நிமிடம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள்.
2. மருந்தகத்தில் கிடைக்கும் உப்புப் பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் கலக்குங்கள். சமையலறை உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்பட்டிருப்பதால் மூக்கில் எரிச்சல் தரலாம்.
3. தொட்டியின் மேல் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயால் மூச்சு விடுங்கள். மேல்பக்கத் துவாரத்தில் நீரை மெதுவாகச் செலுத்தினால் மறுபக்கம் வழியாக வெளியேறும். பின்னர் மறுபக்கத்திற்கும் செய்யுங்கள்.
4. மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். புட்டியைக் கழுவி நன்கு உலர்த்தி வையுங்கள்.

குழாய் நீரை அப்படியே மூக்கில் செலுத்தவே கூடாது. வீட்டு வடிகட்டி நீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குடித்தால் தீங்கு செய்யாத ஒருவகை அமீபா, மூக்கின் வழியே மூளையை அடைந்தால் உயிரைப் பறிக்கும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். யோகாப் பயிற்சியில் ஜல நேத்தி செய்பவர்களுக்கும் இது பொருந்தும். இப்படி நேர்வது மிக அரிது. ஆனாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்த ஆபத்து அறவே இல்லை.

தெளிப்பு மருந்து அடிக்கும் முறை

உப்பு நீரால் கழுவிச் சில நிமிடங்கள் கழித்து அடியுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்திலும், இடது கையால் வலது துவாரத்திலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் நோக்கிப் போகும், மூக்கில் இரத்தம் கசிவதும் குறையும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

“ஸ்டீராய்டா? வேண்டாமே” என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்தத் தெளிப்பில் மருந்தின் அளவு மிகக் குறைவு. உடலில் கலப்பதும் சிறிதளவே. இது உடனே மூக்கைத் திறக்கும் மருந்தும் அன்று. பலன் தெரிய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். மூன்று நாள் அடித்துவிட்டுப் “பலனில்லை” என்று நிறுத்துவதே பலர் செய்யும் தவறு.

இவற்றைத் தவிருங்கள்

• உடனடியாக அடைப்பு நீக்கும் சொட்டு அல்லது தெளிப்பு மருந்தை 5 நாட்களுக்கு மேல் தொடராதீர்கள். தொடர்ந்தால் மருந்து நின்றவுடன் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். அந்த மருந்தே நோயாகிவிடும்.
• கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வை மூடி ஆவி பிடிக்கும்போது நீர் கொட்டிக் குழந்தைகள் வெந்துபோகிறார்கள். குழந்தைகளுக்கு இதைச் செய்ய வேண்டாம்.
• மீதமுள்ள ஆன்டிபயாடிக் மாத்திரைகளையோ, பிறருக்குக் கொடுத்ததையோ சாப்பிடாதீர்கள்.

அறுவைச் சிகிச்சை எப்போது?

பல வாரங்கள் முறையாகக் கழுவி, தெளிப்பு மருந்து அடித்தும் தொல்லை குறையாவிட்டால், காது, மூக்கு, தொண்டை சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படுவீர்கள். அவர் முனையில் விளக்குடைய மெல்லிய குழாயை (எண்டோஸ்கோப்பி) மூக்கினுள் செலுத்திப் பார்ப்பார். மரத்துப்போகும் மருந்து அடித்த பின் செய்யப்படும் இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்றால் சிடி ஸ்கேன் எடுக்கப்படும். ஒவ்வொருவரின் சைனஸ் அமைப்பும் வேறுபடுவதால், அந்தப் படமே மருத்துவருக்கு வழிகாட்டும் வரைபடம்.

எண்டோஸ்கோப்பி வழி சைனஸ் அறுவை

“சைனஸ் ஆப்பரேஷன் செய்தாலும் திரும்ப வரும்” என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இருந்தது. 1890-களில் அமெரிக்காவில் கால்டுவெல், பிரான்சில் லுக் ஆகிய மருத்துவர்கள் விவரித்த பழைய முறையில், மேலுதட்டின் உட்புற ஈறை வெட்டி, கன்ன எலும்பைத் துளைத்துச் சைனஸைத் திறந்தார்கள். சளி எளிதாக வடியட்டும் என்று கீழ்ப்பக்கத்தில் புதிய வாசல் வைத்தார்கள். முகம் வீங்கும், பல்லும் கன்னமும் மரத்துப்போகும். பலருக்குத் தொல்லையும் நீங்கவில்லை.

ஏன் நீங்கவில்லை என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்க்லிங்கர் என்ற மருத்துவர் கண்டறிந்தார். கீழே எத்தனை பெரிய வாசல் வைத்தாலும், நுண்மயிர்கள் சளியை மேலே உள்ள இயற்கை வாசலை நோக்கியே தள்ளுகின்றன. ஆகவே அந்த இயற்கை வாசலைத் திறப்பதே சரியான வழி. 1985-இல் அமெரிக்காவின் டேவிட் கென்னடி இந்த முறைக்குச் “செயல்சார் எண்டோஸ்கோப்பி சைனஸ் அறுவை” என்று பெயரிட்டார். மருத்துவமனையில் இதை எஃப்.இ.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இன்று இது இப்படி நடக்கிறது:

• பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுக்கப்படும்.
• சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பியும் நுண்கருவிகளும் மூக்குத் துவாரம் வழியே செலுத்தப்படும். முகத்தில் தையலோ தழும்போ இராது.
• அடைத்துள்ள மெல்லிய எலும்புத் தடுப்புகளும் மூக்குச் சதையும் அகற்றப்பட்டு, இயற்கை வாசல் அகலமாக்கப்படும். நல்ல சவ்வு இயன்றவரை காப்பாற்றப்படும்.
• பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

2025-இல் பிரிட்டனில் 500-க்கும் மேற்பட்ட நாள்பட்ட சைனஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியானது. அறுவை, பல வாரம் உட்கொண்ட ஆன்டிபயாடிக், மருந்தில்லா மாத்திரை ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது. ஆறு மாதம் கழித்து, அறுவை செய்துகொண்டவர்களே நல்ல முன்னேற்றம் கண்டிருந்தனர். ஆன்டிபயாடிக் மருந்துக்கும் மருந்தில்லா மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று குழுவினருமே உப்பு நீரையும் தெளிப்பு மருந்தையும் பயன்படுத்தி வந்தனர் என்பதையும் கவனியுங்கள்.

பலூன் முறை

இருதய இரத்தக்குழாய் அடைப்பைப் பலூன் கொண்டு விரிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே எண்ணத்தில், 2005 முதல் சைனஸுக்கும் பலூன் வந்தது. மெல்லிய கம்பியின் மேல் சுருங்கிய பலூனைச் சைனஸ் வாசலில் வைத்துச் சில விநாடிகள் ஊதி விரிப்பார்கள். வாசல் அகன்றதும் பலூன் வெளியே எடுக்கப்படும். வெட்டுவதோ எலும்பை அகற்றுவதோ இல்லை. இரத்தக்கசிவு குறைவு. சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம்.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. மூக்குச் சதை அதிகம் வளர்ந்தவர்களுக்கும், கண்களுக்கு இடையிலுள்ள சிறு அறைகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பலூன் மட்டும் போதாது. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதும் இல்லை. “எனக்குப் பலூன்தான் வேண்டும்” என்று முடிவு செய்துகொண்டு செல்லாமல், “என் ஸ்கேனுக்கு எது பொருத்தம்?” என்று கேளுங்கள்.

சதை திரும்பத் திரும்ப வளரும் சிலருக்கு, அழற்சியைத் தூண்டும் பொருளைத் தடுக்கும் புதிய ஊசி மருந்துகளும் உள்ளன. விலை அதிகம் என்பதால் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டுமே சிறப்பு மருத்துவர் பரிந்துரைப்பார்.

ஆபத்து உண்டா?

சைனஸ் அறைகளுக்கு ஒரு பக்கம் கண், மேலே மூளை. ஆகவே அதிக இரத்தக்கசிவு, கண் பாதிப்பு, மூளையைச் சூழ்ந்த நீர் கசிதல் போன்ற கடும் சிக்கல்கள் ஏற்பட வாய்ப்பு உண்டு. அவை அரிது. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் நேர்கின்றன. சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் கூற வேண்டியவை:

• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா
• ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்)
• சித்த, ஆயுர்வேத, சீன மருந்துகளும் சத்து மாத்திரைகளும்

வீடு திரும்பிய பின்

• சில நாட்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கலந்த சளி வருவது இயல்பு.
• சுமார் இரண்டு வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், கனமான பொருளைத் தூக்காதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.
• மருத்துவர் கூறும் நாளிலிருந்து உப்பு நீரால் கழுவுங்கள். உள்ளே காய்ந்த இரத்தத்தையும் பொருக்கையும் இது நீக்கும்.
• நன்றாக இருந்தாலும் மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள். உள்ளே ஒட்டிக்கொள்ளும் தழும்பை அப்போதுதான் சரிசெய்ய முடியும்.

அறுவை, அழற்சியின் வேரை எடுத்துவிடுவதில்லை. மருந்து உள்ளே போக வழி திறக்கிறது. அந்த வழியே மருந்தைச் செலுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. “ஆப்பரேஷன்தான் முடிந்துவிட்டதே” என்று தெளிப்பு மருந்தை நிறுத்துபவர்களுக்கு, குறிப்பாக மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு, தொல்லை திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள் அல்லது 999-ஐ அழையுங்கள்:

• கண் வீங்கிச் சிவத்தல், பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல்
• கடும் தலைவலியுடன் காய்ச்சல், கழுத்து இறுக்கம், குழப்பம்
• நெற்றி வீங்குதல்
• நீரிழிவு உள்ளவருக்கு முகத்தில் அல்லது அண்ணத்தில் கருமை படர்தல், முகம் மரத்துப்போதல். 2021-இல் கோவிட் அலையின்போது இந்தியாவில் பலரைத் தாக்கிய “கருப்புப் பூஞ்சை” இவ்வாறுதான் தொடங்கியது.
• அறுவைக்குப் பின் நிற்காத இரத்தக்கசிவு, அல்லது குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுதல்

ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, சளியில் இரத்தம், ஒரு காது அடைத்துக்கொள்ளுதல், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தால் 12 வாரம் காத்திருக்க வேண்டாம். மூக்கின் பின்புறப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்ய விரைவில் மருத்துவரைக் காணுங்கள்.

எங்கே செல்வது?

முதலில் உங்கள் வீட்டருகே உள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கிற்கு மைகார்டுடன் செல்லுங்கள். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தருவார். கோலாலம்பூர் மருத்துவமனையிலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சிறப்பு மருத்துவரைக் காணும் கட்டணம் 5 ரிங்கிட்.

செல்லும்போது நீங்கள் பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும், சொட்டு மருந்துப் புட்டியையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வாரமாகத் தொல்லை, எந்தப் பக்கம், வாசனை தெரிகிறதா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மலாயோ ஆங்கிலமோ பேசத் தயங்கும் பெரியவர்களுடன் குடும்பத்தார் ஒருவர் துணைக்குச் செல்வது நல்லது.

நினைவில் கொள்ளுங்கள்

• 12 வாரத்திற்கு மேல் மூக்கடைப்போ சளியோ நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள்.
• கொதித்து ஆறிய நீரில் உப்பு கலந்து கழுவுங்கள். தெளிப்பு மருந்தைத் தினமும் அடியுங்கள்.
• அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து 5 நாட்களுக்கு மேல் வேண்டாம்.
• அறுவை தேவைப்பட்டால் அஞ்ச வேண்டாம். அது முடிந்த பின்னும் தினசரிப் பராமரிப்பை நிறுத்த வேண்டாம்.